மேளம் ஓய்ந்தால் ஓடி வரணும்

எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே இருக்கும் மலை ஒரு காலத்தில் தேயிலை. இப்போது காடு. தோட்டத்தைக் கைவிட்ட பிறகு மானாப்புல்லும் காட்டுப் பன்றியும்தான் அங்கே குடியிருந்தன. அந்தக் காட்டுக்குள் சைக்கிள் பாதை வெட்டி ரேஸ் நடத்தப் போகிறோம் என்று தம்பி வந்து சொன்னபோது, உனக்கென்ன கிறுக்குப் பிடித்துவிட்டதா என்றுதான் கேட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போக ஒழுங்கான ரோட்டுக்கு வழியைக் காணோம், இவர்களுக்குச் சைக்கிள் ஓட்டப் பாதை!

அவன் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு நின்றவன். தீபாவளிக்கு வந்தவன் திரும்பிப் போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான். ரேஸ் நல்லபடியாக நடந்தால் வெளியூர் ஆட்கள் தொடர்ந்து வருவார்கள், அவர்களை வைத்து இங்கேயே பிழைத்துக்கொள்வேன், நடக்காவிட்டால் பேசாமல் கடைக்கே போய்விடுகிறேன் என்று என்னிடம் பேரம் பேசினான். அம்மாவும் அப்பாவும் போன பிறகு எனக்கென்று மிஞ்சியவன் அவன் ஒருவன். அவன் கண் முன்னால் இருந்தால் போதும் என்றிருந்தது எனக்கு. அதனால் வாயை மூடிக்கொண்டேன். என் வாயை மூடுவது லேசுப்பட்ட காரியமில்லை, லயத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

லயத்துப் பிள்ளைகள், ஆற்றுக்கு அந்தப் பக்கத்துச் சிங்களப் பிள்ளைகள், உக்குவளை டவுனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா ஒருவர். இவ்வளவு பேர்தான் சங்கம். நானா மம்பட்டியும் அலவாங்கும் இரவல் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமையானால் மலையேறி வெட்டுவார்கள். அந்தப் பக்கத்து வீடுகளிலிருந்து அவித்த பலாக்காய் வரும், எங்கள் பக்கத்திலிருந்து ரொட்டியும் சம்பலும் போகும். நான் திட்டிக்கொண்டேதான் ரொட்டி சுட்டேன், ஆனால் ஒரு ஞாயிறும் சுடாமல் விட்டதில்லை.

பாதையின் நடுவில் ஒரு மோசமான வளைவு. அதன் ஓரத்தில் பள்ளம். அங்கே போனுக்கு சிக்னல் கிடையாது. ஆகவே கோயிலில் தப்பு மேளம் அடிக்கும் மாமாவை அந்த வளைவில் நிறுத்துவது, ரேஸ் நடக்கும் வரை அவர் அடித்துக்கொண்டே இருப்பது என்று பேசினார்கள். பாதையில் நடப்பவர்களும் மாடு மேய்ப்பவர்களும் சத்தம் கேட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். சரி, யாராவது விழுந்துவிட்டால் கீழே இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்? விட்டு விட்டு மெதுவாக ஒரு அடி அடிக்கட்டும் என்றான் தம்பி.

கூட்டத்தில் அத்தனை பேரும் அவன் மேல் பாய்ந்தார்கள். அது சாவு அடி. அந்த அடி கேட்டால் உலையை இறக்கி வைத்துவிட்டு, யார் போனது என்று கேட்டுக்கொண்டே ஓடுகிற சனம் நாங்கள். நல்ல காரியம் நடக்கிற நாளில் அதை அடிப்பது சாவுக்கு வெற்றிலை பாக்கு வைப்பது போல என்றார் கோயில் தலைவர். நானா விசில் கொண்டுவந்து பார்த்தார். மரங்களுக்குள் அடிக்கிற காற்றில் அது எடுபடவில்லை.

கடைசியில் தம்பிதான் எல்லோருக்கும் பிடித்த மாதிரி ஒரு வழி சொன்னான்.

“அப்ப அடிக்காம விட்டுருவோம். மேளம் ஓஞ்சா யாரோ விழுந்துட்டாங்கன்னு அர்த்தம். உடனே எல்லாரும் ஓடி வரணும்.”

தலைவருக்கும் திருப்தி. அப்பாடா என்று கூட்டத்தை முடித்தார்கள். என் தம்பி கெட்டிக்காரன் என்று நான் லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ரேஸ் அன்று கண்டியிலிருந்தும் யட்டவத்தையிலிருந்தும் பிள்ளைகள் வந்து குவிந்தார்கள். கீழே பழைய தேயிலை ஸ்டோர் முற்றத்தில்தான் ஓட்டம் முடிகிற இடம். நாங்கள் பெண்கள் அங்கே பிளேன்டீயும் அவித்த கடலையும் கொடுத்துக்கொண்டிருந்தோம். மேலிருந்து ஒவ்வொருவராக வந்து இறங்க, மலையில் மேளம் விடாமல் கேட்டது. வந்த பிள்ளைகளை முதலில் விட்டுவிட்டு, தம்பி கடைசி ஆளாகப் புறப்பட்டான். வீட்டுக்காரன் விருந்தாளிக்குப் பிறகுதானே சாப்பிட வேண்டும்.

மேளம் ஓய்ந்தது. எனக்கும் கேட்டது, முற்றத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. “முடிஞ்சிருச்சுங்க” என்று தலைவர் கை தட்டினார். கடைசி ஆளும் வளைவைத் தாண்டிவிட்டான், இனி எதற்கு மேளம் என்றே அத்தனை பேரும் எடுத்துக்கொண்டோம். கடைசி ஆளும் விழக்கூடும் என்பது ஒரு மண்டையிலும் உதிக்கவில்லை. பாட்டைச் சத்தமாக வைத்தார்கள். பரிசு கொடுக்க மேசை போட்டார்கள். தம்பி எங்கே என்று கேட்டேன். வழியில் கட்டிய ரிப்பன்களை அவிழ்த்துக்கொண்டு வருவான் என்றார்கள். அவனுக்கென்று எடுத்து வைத்த தேத்தண்ணி ஆறிப்போனது. நானாவைக் கூட்டிக்கொண்டு மலையேறினேன்.

மாமா பள்ளத்துக்குள் உட்கார்ந்திருந்தார். தம்பியின் தலை அவர் மடியில். மாமாவின் வேட்டியை அவன் கை பிடித்திருந்தது, அதை விடுவித்துவிட்டு வர அவருக்கு மனம் வரவில்லை. அவனுக்கு மூச்சு இருந்தது, பேச்சு இல்லை. நானா கீழே ஓடி ஆட்களைக் கூட்டி வர, கம்பளியில் போட்டுத் தூக்கி இறக்கினார்கள். மாத்தளை ஆஸ்பத்திரியில், இவ்வளவு நேரம் எங்கே வைத்திருந்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். விடிவதற்குள் போய்விட்டான்.

நாங்கள் வருவதற்கு முன்னால் ஏதாவது பேசினானா என்று மாமாவிடம் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“பேசுனான்மா. மேளம் ஓஞ்சிருச்சுல்ல மாமா, வந்துருவாங்கன்னு சொன்னான்.”

எங்கள் மயானம் மலைக்கு மேலே. பழைய வழி காடேறிக் கிடந்ததால் அவன் வெட்டிய பாதையிலேயே பெட்டியைத் தூக்கிப் போனார்கள். பெண்கள் அங்கே போகிற வழக்கமில்லை. அன்று என்னைத் தடுக்க ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. முன்னால் மாமா அந்த அடியை அடித்துக்கொண்டு போனார். விட்டு விட்டு, மெதுவாக. ரேஸ் அன்று ஆகாது என்று சொன்ன அதே அடி.

அந்த வளைவு வந்ததும் மாமாவின் கை நின்றுவிட்டது. மனிதர் அப்படியே பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கீழே வரிசையாக வந்துகொண்டிருந்த சனம் என்னவோ ஏதோ என்று மூச்சிரைக்க ஓடி வந்தது. தலைவரும் ஓடி வந்தார், சங்கத்துப் பிள்ளைகளும் ஓடி வந்தார்கள். நான் திரும்பி நின்றேன்.

“இப்ப மட்டும் ஓடி வந்துட்டீங்களா?”

தலைவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். மாமா மேளத்தைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டு மறுபடியும் அடிக்கத் தொடங்கினார். நாங்கள் பெட்டிக்குப் பின்னால் நடந்தோம்.