சாலையில் நடந்து போகிறவர்

எல்லாரும் அவரைச் ‘சாண் ஓவியர்’ என்றே அழைத்தனர். ஒரு சாணுக்கு மேற்பட்ட கித்தான் துணியை அவர் தம் மூன்றுகால் தாங்கியில் ஏற்றியதே இல்லை. படுக்கையறைகளுக்கு மட்டுமே வரைவார். வரையுமுன், வாடிக்கையாளரின் கட்டிலில் கால்மணி நேரம் படுத்து, தலையணையிலிருந்து பார்வை எங்கே போய் நிற்கிறதென்று கண்டறிந்து, சுவரில் அந்த இடத்தில் புள்ளி வைப்பார்.

“கண்டவங்க கட்டில்ல படுத்துட்டு வர்றதுக்குப் பேரு தொழிலா?” என்று மனைவி இடித்துரைப்பார்.

“தூங்கலையே! பார்க்கத்தானே செஞ்சேன்.”

“குறட்டை சத்தம் தெருவரைக்கும் கேட்டுச்சாமே?”

தையற்காரம்மாவின் அறைக்கு அவர் வரைந்தது, மரங்களினூடே செல்லும் ஒரு செம்மண் சாலை. தொலைவு புலப்படுவதற்காக, வழக்கம்போல், முதுகு காட்டி நடக்கும் ஓர் ஆளையும் விரல்நகம் அளவில் சேர்த்தார். மாட்டிய மூன்றாம் நாளே அந்த அம்மாள் படத்தைக் கையோடு எடுத்து வந்துவிட்டார்.

“அண்ணே, இது எங்க வீட்டுக்காரரு. இடது தோள் இறங்கியிருக்கு பாருங்க.”

அந்தக் கணவரை ஓவியர் பார்த்ததே இல்லை. அவர் இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

“உசிரோட இருந்தப்பவே அவர் வாசல்ல செருப்பைக் கழட்டுற சத்தம் கேட்டா எனக்கு ஒடம்பு நடுங்கும். இப்பத்தான் நிம்மதியாத் தூங்குறேன். அவரை எடுத்துடுங்கண்ணே.”

அங்கேதான் ஓவியர் பிழை செய்தார். சுரண்டி எடுக்க வேண்டியதை, மெல்லிய பூச்சால் மூடிக் கொடுத்தார். எண்ணெய் வண்ணத்தை மெல்லிதாகப் பூசினால், நாளடைவில் அது தெளிந்து, அடியில் உள்ளதைக் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டாம் ஆண்டில் அந்த ஆள் மறுபடி தெரியத் தொடங்கினார்.

“திரும்பி வந்துட்டாருண்ணே” என்று மட்டும் சொல்லி அனுப்பினார் தையற்காரம்மா.

ஓவியர் கத்தியோடு போனார். பட்டப்பகலில், அந்த அறையிலேயே அமர்ந்து, கித்தான் நூல் தெரியும்வரை சுரண்டி, மண்நிறம் பூசிப் படத்தை மாட்டினார். கட்டிலில் படுத்துப் பார்த்த தையற்காரம்மா சட்டென எழுந்து உட்கார்ந்தார்.

“சாலை காலியா இருக்கே. அப்ப அவர் எங்கே?”

ஓவியர் படத்தை நெருங்கிச் சாலையை உற்றுப் பார்த்தார்.

“உள்ளே வந்துட்டாரோ?” என்றார் தையற்காரம்மா.

தமக்குப் பின்னால் திறந்திருந்த கதவைத் திரும்பிப் பார்க்க ஓவியருக்குத் துணிவு வரவில்லை. படத்தைக் கழற்றி, ஆளை மறுபடி வரைந்தார். இடது தோளைக் கை தானாகவே இறக்கிவிட்டது.

“இன்னும் தள்ளிண்ணே.”

துடைத்துவிட்டு எறும்பளவில் வரைந்தார்.

“இன்னும்.”

சாலை முடியுமிடத்தில் ஒரு கரும்புள்ளி வைத்தார். தையற்காரம்மா அதிலிருந்து கண்ணை எடுக்காமலே மெல்லத் தலையணையில் சாய்ந்தார்.

“அங்கேயே இருக்கட்டும். என் கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கணும்.”