அம்மாவின் முப்பத்தைந்து

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவள் நான். அந்தப் பெருமை விருதுநகர் ஆஸ்பத்திரியில் அன்று எனக்கு உதவவில்லை. அம்மாவின் நெஞ்சில் இருந்த அடைப்பை எடுத்து, ஸ்டென்ட் வைத்து இரண்டு நாள் ஆகியிருந்தது. இதயம் ரத்தத்தைத் தள்ளும் திறன் முப்பத்தைந்து சதவீதம் என்றது எக்கோ அறிக்கை. ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்க வேண்டும்.

"ரத்தம்தான் இப்பப் போகுதே டாக்டர், பிறகு ஏன்?"

"கொஞ்ச நேரம் ரத்தமில்லாமக் கிடந்த தசைம்மா. கையிருப்புச் சர்க்கரையை எரிச்சு உயிரைப் பிடிச்சிருக்கு. சாகலை, மலைச்சுப்போய் நிக்குது. ரத்தம் வந்த உடனே வேலைக்குத் திரும்பாது. சில வாரம் ஆகும். முழுசா மீளுமான்னு இப்பச் சொல்ல முடியாது."

கட்டிலிலிருந்து அம்மா கேட்டாள், "எம்புட்டு?"

"முப்பத்தஞ்சு," என்றேன்.

"அப்பப் பாஸுதான!"

பள்ளிக்கூடம் போகாத அம்மாவுக்கு, என் பரீட்சை முடிவுகளுக்காகக் காத்திருந்ததில் தெரிந்துகொண்ட கணக்கு அது. அவள் சிரித்ததைப் பார்த்ததும் திருத்த மனம் வரவில்லை.

வீடு திரும்பியதும் பார்க்க வந்தவர்கள், "பாஸாயிட்டீகளாமே!" என்று கேலிசெய்து காப்பி குடித்துப் போனார்கள். அவர்களோடு நானும் சிரித்தேன். பிறகு, தூங்குகிற அம்மாவின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தபடி தனியாக உட்கார்ந்திருந்தேன். அந்த எண்ணின் அர்த்தம் எனக்கு மட்டுமே தெரியும்.

பத்தாம் நாள் காலை, அம்மா வேலைசெய்யும் பட்டாசுக் கம்பெனியின் வேன் வீட்டு முன் வந்து நின்றது. வாசலில் தூக்குவாளியோடு அம்மா.

"போகாதம்மா."

"சீசன் நேரம். அடைப்பும் எடுத்தாச்சு, பாஸும் ஆயாச்சு."

"பாஸ் இல்லம்மா. நான்தான் சொல்லல."

வேனிலிருந்து ஒரு குரல்: "ஏறுறீகளா இல்லையாக்கா?"

"பக்கத்துக் கம்பெனி வெடிச்சப்ப உங்க கம்பெனியையும் மூடித் தெறந்தாங்களே, மொத வாரம் உன் கை எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

அம்மா விரல்களைப் பார்த்தாள். அந்த வாரம் வெடிமருந்து இருந்தது, ஆள் இருந்தது. திரி செருகத்தான் அவளுக்குக் கை வரவில்லை.

"உன் நெஞ்சும் அப்படித்தான் நிக்குது."

வேன் போய்விட்டது. அம்மா தூக்குவாளியை நங்கென்று வாசலில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

ஏழாவது வாரம் மறுபடி எக்கோ எடுத்தோம். ஐம்பத்திரண்டு. நான் வாய் திறக்கும் முன்பே அம்மா தாளை வாங்கிக்கொண்டாள்.

"எங்கன இருக்கு? தொட்டுக் காட்டு."

காட்டினேன்.

"எம்புட்டு எடுக்கணும்? அதையும் சொல்லு."

"அம்பத்தஞ்சு. இன்னும் மூணு கொறையுது."

"அம்பத்தஞ்சு" என்று தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பிறகு தாளை மடித்துத் தன் பையிலேயே வைத்துக்கொண்டாள்.