நாவல்பழ நிற ஜெர்சி

“அந்தக் கட்டைய வெச்சு வீட்ல ஒட்டடை அடிடா. பந்து பக்கம் எதுக்கு வர்ற?”

கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு ராஜநாயகம் போட்ட சத்தம் எழும்பூர் ஹாக்கி மைதானத்தின் காலி நாற்காலிகளில் பட்டுத் திரும்பி வந்தது. பந்தை நிறுத்திக்கொண்டிருந்த ஸ்ரீகிருஷ்ணா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இடது பக்கம் தள்ளிவிட்டு ஓடினான். ராஜநாயகத்துக்கு அது இன்னும் எரிச்சலாக இருந்தது. திட்டு வாங்குகிறவன் ஒருமுறையாவது திரும்பிப் பார்க்க வேண்டும்.

கோட்டுக்கு வெளியே விசிலும் கையுமாக நின்றிருந்த சங்கரன் வேலியோரம் வந்தார். வங்கியின் விளையாட்டு அதிகாரி அவர்.

“சார், இது மேட்ச் இல்ல. செலக்‌ஷன். ரெண்டு பக்கமும் நம்ம பசங்கதான்.”

“எவன் நம்ம பையன்? அந்தக் கோவில்பட்டிக்காரனா? போன வருஷம் செமி ஃபைனல்ல நம்ம கோல்கீப்பர் கால்மேல விழுந்துட்டு, அவனே அழுதானே. அவனா?”

“அது போன வருஷம். இப்ப ஒரே பேங்க் சார்.”

“பேங்க் ஒண்ணாயிடுச்சு. நான் ஆகல.”

சங்கரன் சிரித்தபடி போய்விட்டார். ராஜநாயகம் வேலிக்குள் எச்சில் விழாமல் பார்த்துப் பக்கத்தில் துப்பினார்.

அவருக்கு அந்த வங்கியில் வேலை கிடையாது. தி.நகரில் ஒரு பாத்திரக் கடையில் மேனேஜர். கடையில் அவர் பேசுவது எதிரே நிற்கும் வாடிக்கையாளருக்கே சரியாகக் கேட்காது. குக்கர் கைப்பிடி கழன்றுவிட்டதென்று சண்டைக்கு வருகிறவர்களிடம் “மாத்திக் குடுத்துடலாம்மா” என்பதற்குமேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். கடையில் முழுங்குவதையெல்லாம் மைதானத்தில் கக்கிவிட்டு வருகிறார் என்பாள் அவர் மனைவி ஃப்ளோரா. மந்தைவெளியிலிருந்து பஸ்ஸோ ரயிலோ ஏறி, சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி, வெயிலில் நடந்து போய்க் கிழக்குக்கரை வங்கியின் ஹாக்கி டீம் ஆடுவதைப் பார்ப்பது கல்யாணத்துக்கு முன்பே தொடங்கிய பழக்கம். அந்த வங்கியில் அவர் சேமிப்புக் கணக்கு வைத்திருந்ததும் டீமுக்காகத்தான். வீட்டுக்குப் பக்கத்திலேயே வேறு வங்கி இருந்தது.

மற்ற டீம்களைப் பற்றி அவருக்கு முடிந்த முடிவுகள் இருந்தன. போலீஸ் டீம் ஸ்டிக்கை லத்தியாகப் பிடிப்பவர்கள். பந்து கிடைக்காவிட்டால் கால் கிடைத்தாலும் போதும் அவர்களுக்கு. வருமானவரிக்காரர்கள் ரெய்டுக்கு வருவதுபோல் கூட்டமாக வருவார்கள், ஒன்றும் சிக்காமல் போவார்கள். இவர்களையெல்லாம் மன்னிக்கலாம். துங்கா வங்கி அப்படியில்லை. மெரூன் சட்டையைக் கண்டாலே அவருக்கு ஆகாது. காற்றுப் பட்டால் விழுவார்கள். ஒரு கோல் முன்னால் இருந்தால் கோல்கீப்பருக்குக் கால்காப்பின் வார் கழன்றுகொண்டே இருக்கும். கத்துவதற்கு வங்கி ஊழியர்களை வேனில் கூட்டிவருவார்கள். அவர்களுக்கு டிஃபன் பொட்டலம் உண்டு. பொட்டலம் தீர்ந்ததும் பாதி ஆட்டத்தில் எழுந்து போய்விடுவார்கள். கேசரி தின்றுவிட்டுக் கத்துகிறவனை ரசிகன் என்று சொல்வதா?

இந்தத் துங்கா வங்கியோடு கிழக்குக்கரை வங்கியை இணைத்துவிட்டார்கள். பெயர்ப்பலகை மாறியது, பாஸ்புக் மாறியது. பாஸ்புக்கை அவர் பொறுத்துக்கொண்டார். டீமையும் ஒன்றாக்குவார்கள் என்று அவர் நினைத்துப் பார்க்கவில்லை. கிழக்குக்கரையின் நீலத்தையும் துங்காவின் மெரூனையும் கலந்து யாரோ ஒருவர் புது ஜெர்சி தயாரித்திருந்தார். நாவல்பழம் தின்றவன் நாக்கை நீட்டியதுபோல ஒரு நிறம். இன்றைக்குத் தேர்வுக்கு வந்த எல்லோரும் அதைத்தான் போட்டிருந்தார்கள். எவன் எந்தப் பக்கம் என்று தெரிய மேலே ஆளுக்கொரு மஞ்சள், பச்சைப் பனியன். அதிலும் இரண்டு வங்கிக்காரர்களும் கலப்படம். நேற்றுவரை ஒருவன் கணுக்காலை ஒருவன் அடித்தவர்கள் ஒரே நிறத்தில் ஓடிப் பந்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். கிழக்குக்கரையின் பழைய ஃபுல்பேக், துங்காக்காரன் ஒருவனின் தோளைத் தட்டினான். ராஜநாயகம் பார்வையைத் திருப்பிக்கொண்டார். பொது இடத்தில் பார்க்கக்கூடாததைப் பார்த்துவிட்டதுபோல் இருந்தது.

வராமலே இருந்திருப்பார். ரொனால்டுக்காக வந்தார்.

ரொனால்டு கிழக்குக்கரையின் சென்டர் ஹாஃப், நடு மைதானத்து ஆள். சாந்தோம் கோயிலில் அவனுக்கு ஞானஸ்நானம் நடந்தபோது தலையைத் தாங்கிப் பிடித்தவர் ராஜநாயகம், அவன் ஞானத்தகப்பன். இப்போது அவனுக்கு முப்பத்திரண்டு. வங்கி அவனை எடுத்ததே ஹாக்கிக்காக. காலையில் ஆபீசில் தலையைக் காட்டிவிட்டு மதியத்துக்குமேல் மைதானத்துக்கு வந்துவிடுவான். சலானை எந்தப் பக்கம் கிழிப்பது என்றுகூட அவனுக்குத் தெரியாது. இரண்டு டீம் ஒரு டீமானால் பாதிப் பேர் வெளியே போக வேண்டும். வெளியே போகிறவன் எல்லா குமாஸ்தாவையும்போலக் கவுண்டரில் உட்கார வேண்டும். எந்த ஊர்க் கிளை என்பது அவர்கள் இஷ்டம். அவன் மனைவி சான்ட்ராவுக்குச் சாந்தோமில் பள்ளிக்கூட வேலை, குழந்தை எல்.கே.ஜி. படிக்கிறது. சென்டர் ஹாஃப் இடத்துக்கு ரொனால்டும் ஸ்ரீகிருஷ்ணாவும் நின்றார்கள்.

ராஜநாயகம் ஒரு யோசனையோடுதான் வந்திருந்தார். பெரிய யோசனை இல்லை. அவனைத் திட்டுவது. விடாமல் திட்டுவது. முன்பு ஒருமுறை துங்காவின் கோல்கீப்பர் ஒருவனை ஆட்டம் முழுக்கக் கோலுக்குப் பின்னால் நின்று திட்டியதில், அவன் சாதாரணப் பந்தைக் காலுக்கிடையில் விட்டான். அந்தக் கோல் தன்னுடையது என்பது ராஜநாயகத்தின் கணக்கு. ஸ்ரீகிருஷ்ணா சின்னப் பையன், உடைந்துவிடுவான்.

“இன்னா தம்பி, பஸ்ஸுக்கு நிக்கிறியா? பந்து வந்தா சொல்லி அனுப்பறோம்.”

பலனில்லை.

“உங்க ஊர்ல கடலை மிட்டாய் நல்லா இருக்குமாமே. அத வித்துப் பொழைக்கலாம்ல?”

ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்த ஏழெட்டுப் பேர் சிரித்தார்கள். ஸ்ரீகிருஷ்ணா தண்ணீர் குடிக்கப் போனபோது அவனும் சிரித்தமாதிரி இருந்தது. ராஜநாயகத்துக்குக் காது சூடானது.

ரொனால்டு மோசமாக ஆடவில்லை. அவன் இடம் தெரிந்து நிற்பான், பந்தை வீணாக்கமாட்டான். ஆனால் இப்போதெல்லாம் திரும்பும்போது வலது முட்டியை யோசித்துத் திரும்பினான். அந்த யோசனைக்குள் பந்து போய்விடும். ராஜநாயகத்துக்கு அது தெரியும். இரண்டு வருஷமாகத் தெரியும். தெரிந்ததை யாரிடமும் சொன்னதில்லை.

“நல்லா வர்ற ரொனால்டு. இடது பக்கம் பாரு. அவன விடாத. ஏய், அவன விடாதேன்றேன்.”

ரொனால்டு விடவில்லை. ஸ்ரீகிருஷ்ணாவை வலப்பக்கக் கோட்டை ஒட்டி ஒதுக்கிக்கொண்டே வந்தான். முன்னால் ரொனால்டு, பின்னால் இன்னொரு ஆள், பக்கத்தில் கோடு. பையனுக்குப் போக வழியில்லை. ராஜநாயகம் வேலியில் முகத்தை வைத்து அழுத்தினார்.

ஸ்ரீகிருஷ்ணா தலையைத் தூக்கிக் கோட்டோரமாகப் பார்த்தான். பார்த்தபடியே மணிக்கட்டை மடக்கி ஸ்டிக்கைத் திருப்பி, தான் பார்க்காத பக்கம் பந்தைத் தட்டினான். ரொனால்டின் இரண்டு பாதங்களுக்கு நடுவில் புகுந்து, ரொனால்டுக்குப் பின்னால் வந்த ஃபுல்பேக் ஸ்டிக்கை இறக்குவதற்குள் அவனையும் தாண்டி, யாருமில்லாத இடத்துக்குப் பந்து போனது. யாருமில்லை என்று எல்லோரும் நினைத்த இடத்தில் பச்சைப் பனியன்காரன் ஒருவன் வந்துகொண்டிருந்தான். அவனுக்கு ஸ்டிக்கை வைப்பது மட்டும்தான் வேலை. கோல் பலகை டமாரென்று சத்தமிட்டது.

“அப்படிப் போடுறா என் ராஜா.”

யார் கத்தினது என்று ராஜநாயகம் திரும்பிப் பார்த்தார். பிறகுதான் தன் தொண்டை என்று தெரிந்தது. வேலியைப் பிடித்திருந்த கைகள் தலைக்குமேல் இருந்தன.

இந்த முறை ஸ்ரீகிருஷ்ணா திரும்பிப் பார்த்தான். ரொனால்டும் பார்த்தான். பார்த்துவிட்டுக் குனிந்து காலுறையைச் சரிசெய்துகொண்டான். சரிசெய்ய அதில் ஒன்றுமில்லை.

மிச்ச ஆட்டம் முழுக்க ராஜநாயகம் வாயைத் திறக்கவில்லை. பிடிக்காத வீட்டில் வாங்கிச் சாப்பிட்டுவிட்ட மாதிரி வாய் கசந்தது. அப்படி ஒரு பாஸை நீலச் சட்டையில் ஒருவன் போட்டு அவர் பார்த்ததே இல்லை என்பது ஒரு அசிங்கம். அதைப் பார்த்து உடம்பு துள்ளியது அதைவிட அசிங்கம்.

வெளியே டீக்கடையில் சங்கரன் அவருக்கும் சேர்த்து டீ சொன்னார்.

“ரொம்ப நன்றி சார்.”

“எதுக்கு?”

“துங்கா ஆளுங்களுக்கே எடம் குடுக்கறேன்னு நம்ம பழைய ஆளுங்க ஹெட் ஆபீசுக்கு எழுதிப்போட ரெடியா இருக்காங்க. ரொனால்டா அந்தப் பையனான்னு எனக்கு ரெண்டு நாளா தூக்கமில்ல. இப்ப கேட்டா சொல்லிடுவேன். ராஜநாயகமே கை தூக்கிட்டாருப்பா, அப்புறம் என்னன்னு.”

“நான் ஒண்ணும் அவன எடுக்கச் சொல்லல.”

“சொல்லல சார். கத்துனீங்க.”

“அது வாய் தவறி வந்தது சங்கரன்.”

“அதனாலதான் சார் நம்புவாங்க.”

கிளாசை வைத்துவிட்டு ராஜநாயகம் கிளம்பும்போது ஸ்ரீகிருஷ்ணா தோளில் பையோடு வந்து நின்றான். கிட்டத்தில் பார்க்க இன்னும் சின்னவனாக இருந்தான். நெற்றியில் விபூதி வியர்வையில் கரைந்திருந்தது.

“அண்ணாச்சி, கும்பிடுறேன்.”

“ம்.”

“இன்னைக்கு நீங்க பாராட்டுனத எங்க பழைய கோல்கீப்பர் அண்ணன்ட்ட சொன்னா நம்பமாட்டாரு. காலுக்கு நடுவுல பந்த விட்டாருல்ல, அவருதான். நீங்க வைதத அப்படியே உங்க குரல்லயே பேசிக் காட்டுவாரு. டிரெஸ்ஸிங் ரூமே உருளும்.”

“பேசிக் காட்டுவானா?”

“கிழக்குக்கரை மேட்சுன்னா இன்னைக்கு என்ன புதுசா வைவாருன்னு பந்தயம் கட்டுவோம் அண்ணாச்சி. நீங்க வையலேன்னா எங்களுக்கு மேட்ச் மாதிரியே இருக்காது. அந்தக் கடலை மிட்டாய் நல்லாருந்துச்சு.”

பையன் கிண்டல் செய்யவில்லை. முகத்தில் மரியாதைதான் இருந்தது. அதுதான் ராஜநாயகத்தால் தாங்க முடியாததாக இருந்தது. இத்தனை வருஷம் தொண்டை கிழியக் கொட்டிய வெறுப்பைத் துங்காக்காரர்கள் உள்ளே உட்கார்ந்து கேசரியோடு சேர்த்துத் தின்றிருக்கிறார்கள்.

“போய் முட்டிக்கு ஐஸ் வெய்யி” என்றார். முட்டி வலி ரொனால்டுக்குத்தான் என்பது பிறகுதான் உறைத்தது.

ரொனால்டு பைக்கை வெளியே எடுத்து நிறுத்தியிருந்தான். ஆட்டம் முடிந்தால் அவரை வீட்டில் விடுவது அவன்தான்.

“ஏறுங்க மாமா.”

ராயப்பேட்டையைத் தாண்டினார்கள். லஸ்ஸில் மெட்ரோ வேலைக்காகத் தகரம் அடைத்த இடத்தில் வண்டிகள் நகராமல் நின்றன. முன்னால் ஒரு தண்ணீர் லாரி ஒழுகிக்கொண்டிருந்தது.

“நல்ல பாஸ்தான் மாமா.”

“என்னடா பாஸ். குருட்டாம்போக்குல போட்டான். திரும்பிக்கூடப் பாக்கல அவன்.”

“அதான் நல்ல பாஸ்.”

ராஜநாயகம் லாரியிலிருந்து ஒழுகும் தண்ணீரைப் பார்த்தார்.

“சின்ன வயசுலேர்ந்து உங்க குரல் கேட்டுத்தான் ஆடறேன். இடது பக்கம் பாரு, அவன விடாத, பின்னால வா. எல்லாம் சொல்வீங்க. எதிர் டீம்காரன் அம்மா அப்பால்லாம் வருவாங்க உங்க வாயில.” ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அவன் குரல் சாதாரணமாகத்தான் வந்தது. “இன்னைக்குக் கத்துனீங்களே, அந்தமாதிரி எனக்கு ஒருவாட்டிகூட கத்துனதில்ல.”

“நீ நம்ம புள்ளடா. உனக்கு எதுக்குக் கத்தணும்?”

“ம்.”

லாரி நகர்ந்தது. வீட்டு வாசலில் இறங்கியதும் ராஜநாயகம் “காப்பி குடிச்சிட்டுப் போ” என்றார். ரொனால்டு குழந்தைக்குக் கலர் பென்சில் வாங்க வேண்டும், கடை மூடிவிடுவான் என்றான். கடை மூட இன்னும் நேரம் இருந்தது.

உள்ளே ஃப்ளோரா கேட்டாள். “எடுத்தாங்களா அவன?”

“தெரியல.”

“நீ போய்க் கத்தி ஏதாவது ஆச்சா?”

“ஆச்சு” என்று சொல்லிவிட்டுக் கால் கழுவப் போனார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஏழு மணிப் பூசைக்கு ராஜநாயகமும் ஃப்ளோராவும் போனார்கள். எப்போதும் கூட வரும் ரொனால்டும் சான்ட்ராவும் எட்டரை மணிப் பூசைக்கு வந்ததாகப் பிறகு தெரிந்தது. பத்து மணிக்குச் சங்கரன் போன் செய்து டீமில் ரொனால்டு இல்லை என்று சொன்னார். வெளியூர் போடாமல் பார்த்துக்கொண்டதாகவும், நங்கநல்லூர் கிளையில் நகைக்கடன் பிரிவு என்றும், திங்கட்கிழமையே சேர வேண்டும் என்றும் சொன்னார். ராஜநாயகம் சரி என்றார். ஃப்ளோரா ஆட்டுக்கறி சமைத்து ஒரு டிபன் கேரியரில் சான்ட்ரா வீட்டுக்குக் கொண்டுபோனாள். ரொனால்டு தூங்குகிறான் என்று சான்ட்ரா சொன்னாள். மாலை புது டீமுக்கு முதல் பயிற்சி இருந்தது. ராஜநாயகம் போகவில்லை. வெயில் தாழ்ந்ததும் அடுத்த வாரத்துக்கான சட்டைகளை இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டு, திரும்பும் வழியில் பாலும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு வந்தார்.