தரையைப் பார்க்காதே

என் வீட்டுக்காரர் பாக்கியநாதனைப் பற்றிச் சோழவரத்தில் சொல்கிற கதைகளில் பாதி புளுகு. பாராசூட் குடை விரியாமலே ஏரியில் வந்து விழுந்து, ஈரத் துணியோடு எழுந்து வந்தாராம்! நம்பாதீர்கள். விமானத்திலிருந்து குதிக்க அவருக்குப் பயம் இருந்ததில்லை, அது நிஜம். தரையில் நிற்கிற மனிதர்களிடம்தான் பயம். அதை யாரும் சொல்வதில்லை, நான் சொல்கிறேன்.

எங்கள் இரண்டு குடும்பமும் ஆண்டை துளசிராமன் நிலத்தில் கூலி வேலை செய்தவை. ஆண்டை எதிரில் வந்தால் தோள் துண்டு இடுப்புக்குப் போகும், கண் தரைக்குப் போகும். நடக்கப் பழகும்போதே அதையும் பழகிவிடுவோம். இவர் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு அறுபத்திரண்டில் விமானப் படையில் சேர்ந்தார். ஆக்ராவில் பாராசூட் மடிக்கிற வேலை. நாள் முழுக்கத் துணியோடும் கயிற்றோடும் பழகினால் போதும், யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. பிறகு அவரே குதிக்கப் பழகினார். அதன் பிறகு ஒரு லீவில் வந்து, குதிக்கக் கற்றுக்கொடுக்கிற வாத்தியார் ஆகப்போகிறேன் என்றார்.

"அதுல இன்னாயா இருக்கு?" என்று கேட்டேன்.

"குதிக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தன் பாராசூட் வாரையும் வாத்தியார் தொட்டு இஸ்துப் பாக்கணும், சாராளு. தோளத் தட்டி அனுப்பணும். கேப்டனானாலும் மேஜரானாலும் தொடணும். ஒருத்தரும் ஒதுங்க மாட்டாங்க."

சொல்லும்போது தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊர் டீக்கடையில் அவருக்குத் தனி கிளாஸ் வைத்திருந்த காலம். எனக்கு அழுகை வந்துவிட்டது. போய்ச் சேருய்யா என்றேன்.

வாத்தியார் பயிற்சியில் சேர்ந்தார். அறுபத்தெட்டு ஜனவரியில் பரீட்சையில் தவறிப்போய் ஊருக்கு வந்தார். நாலு ஆபீசர்களுக்குச் சொல்லிக்கொடுத்து உயரமான மேடையிலிருந்து குதிக்க வைக்க வேண்டுமாம். நாலு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டே குதித்தார்களாம். தரையைப் பார்த்தால் கால் பயந்து விலகும், கணுக்கால் போய்விடும். பார்வை எட்டத்தில் இருக்க வேண்டும். "தரையப் பாக்காத, தரையப் பாக்காதன்னு நூறு வாட்டி சொன்னேன் மே. ஏன் பாத்தானுங்கன்னே தெரில" என்றார். இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. லீவு முடிந்து போனதும் மறு பரீட்சை. அதிலும் தவறினால் ஆயுசுக்கும் துணி மடிக்க வேண்டியதுதான்.

மனுஷன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"இப்டி ஊட்டுல குந்திக்கினு இருந்தா பாஸாயிடுவியா? வா, எனக்குக் கத்துக்குடு."

ஏரிக்கரை மணலில் மாடு அவிழ்த்த வண்டி ஒன்று நின்றது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மேலே ஏறினேன். அவர் தன் தொப்பியை என் தலையில் வைத்தார்.

"நீ இப்ப கேப்டன்."

"அப்ப சலாம் போடு" என்றேன். சிரித்துவிட்டார்.

கால் இரண்டையும் ஒட்டி வை, முட்டியைக் கொஞ்சம் மடக்கு, விழுந்ததும் பக்கவாட்டில் உருளு என்றெல்லாம் சொன்னார். நன்றாகத்தான் சொன்னார். கடைசியில், "தரையப் பாக்காத, நேரா பாரு, குதி!" என்றார். குதித்தேன். வலது கணுக்கால் மடங்கியது. ஐயோ சேசுவே என்று நான் போட்ட சத்தத்தில் ஏரிக் கொக்கெல்லாம் எழும்பிவிட்டன. அவர் ஓடிவந்து என் காலை மடியில் எடுத்துவைத்து நீவினார்.

"ஏன் மே தரையப் பாத்த?"

"நீ தரையப் பாத்துக்கினே தரையப் பாக்காதன்னு சொன்னா, நான் எங்கயா பாப்பேன்?"

நீவிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"நானா? நானா பாத்தேன்?"

நீதான் என்றேன். என்னோடு பேசும்போது என் முகத்தைத்தான் பார்ப்பார். தொப்பியைப் போட்டு என்னைக் கேப்டன் ஆக்கியதும் கண் கீழே போய்விட்டது. வாத்தியார் எங்கே பார்க்கிறாரோ அங்கேதானே பிள்ளைகளும் பார்க்கும்! அவர் என் காலைக் கட்டிக்கொண்டு அழுதார். "எனக்கே தெரியாம பூந்துக்கினு கீது சாராளு" என்றார்.

மிச்சமிருந்த பத்து நாளும், வீங்கிய காலோடு, தொப்பியோடு, அந்த வண்டிமேல் உட்கார்ந்தேன். அவர் கீழே நின்று பாடம் சொன்னார். கண் கீழே போனால் ஒரு மண்ணாங்கட்டி எறிவேன். "நேரா பாருய்யா!" முதல் நாள் எறிந்ததற்குக் கணக்கே இல்லை. கடைசி நாள் மடியில் கட்டி வைத்திருந்தது அப்படியே இருந்தது.

மறு பரீட்சை முடிந்து மார்ச் கடைசியில் வந்தார். பஸ் நிற்கிற இடத்துக்கே போய்விட்டேன். டிரங்குப் பெட்டியோடு இறங்கினார்.

"இன்னாச்சுயா?"

"பசிக்குது மே. ஊட்டுல இன்னா கொழம்பு?"

"பேஜார் பண்ணாத. சொல்லு!"

சிரித்தாரே ஒழிய வாயைத் திறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். கரை திரும்புகிற இடத்தில் ஆண்டை சைக்கிளில் எதிரே வந்து காலூன்றி நின்றார்.

"இன்னாடா பாக்கியநாதா, எப்ப வந்த?"

என் பார்வையில் ஆண்டையின் செருப்பும் சைக்கிள் சக்கரமும்தான் இருந்தன. பெட்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர் குரல் என் தலைக்கு மேலே தெளிவாக வந்தது.

"இப்பதாங்க வரேன். குதிக்கக் கத்துக்குடுக்கிற வாத்தியார் வேலை குடுத்துட்டாங்க. அடுத்த வாரம் சேரணும்."

அப்போதும் நான் அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கை என் தோளில் வந்து, இரண்டு தட்டுத் தட்டியது.

"சாராளு, நேரா பாரு" என்றார் மெதுவாக.

நிமிர்ந்தேன். பிறந்ததிலிருந்து அந்த ஊரிலேயே இருந்தவள், ஆண்டையின் இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு இருப்பதை அன்றுதான் பார்த்தேன்.