மணலில் தொலைந்த இரண்டு சாமான்கள்

அன்பான சகோதரங்களே, என் மச்சான் என் கண் முன்னாலேயே செத்துவிடுவான் என்று நான் நடுங்கிய மத்தியானம் அது. போன யூலை, ஒரு செவ்வாய்க்கிழமை, அந்தோனியாரின் நாள். மணற்காட்டு மேடுகளுக்கு நடுவில் வழி தெரியாமல் நின்றோம். நான் குருநகரான். முப்பது வருடம் கடலில் தொழில் செய்தவன். தரையில் தொலைந்துபோனேன். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடியுங்கள்.

மச்சான் றெஜி என் மனைவியின் தம்பி, வரலாறு படிப்பிக்கிறவன். மணலுக்குள் பழங்காலத்துப் பாய்க்கப்பல் கீறிய கல் ஒன்று கிடக்கிறதாம், பார்த்தே தீரவேண்டும் என்றான். பெரிய மேட்டுக்குப் பின்னால் என்று யாரோ அடையாளம் சொல்லியிருந்தார்கள். கடலில் என்றால் கோயில் கோபுரத்தையும் பனையையும் நேர்பிடித்து அடையாளம் வைக்காமல் நான் நகரமாட்டேன். தரைதானே என்று இங்கே ஒன்றும் வைக்கவில்லை.

அந்த மேடு அங்கே இல்லை. மணல் கள்ளர் உழவு இயந்திரத்தில் ஏற்றி விற்றுவிட்டார்கள். எத்தனை தலைமுறைக் காற்று குவித்த மணல்! இவர்களுக்கு யார் காணி உறுதி எழுதிக் கொடுத்தது? மிச்சம் இருந்ததெல்லாம் அவர்கள் தோண்டிய கிடங்குகள், பள்ளங்கள். அவற்றைச் சுற்றிச் சுற்றியே திசை கெட்டுப்போனோம்.

"அத்தான், கை நடுங்குது" என்றான் றெஜி. அவனுக்குச் சீனி வருத்தம். காலையில் குளிசை போட்டவன். சீனி இறங்கினால் சாப்பிட வைத்திருந்த பிஸ்கற்றை, உனக்கேன் இது என்று பகிடி பண்ணி வழியிலேயே நான் தின்றுவிட்டேன். போனிலும் சார்ஜ் இல்லை. கல்லைக் கண்டுபிடிக்க முதலே, கண்டுபிடித்த வீரனாக என்னையே படம் எடுத்து முடித்திருந்தேன். மேட்டில் ஓர் உருவம் தெரிந்தது. அண்ணை, காப்பாற்றுங்கோ என்று கத்தினேன். திரும்பிப் பார்த்தது ஆடு.

றெஜி சரிந்துவிட்டான். வியர்த்து ஊற்றியது. எனக்கு வந்தது பக்தி இல்லை, கோபம். முழந்தாளில் விழுந்தேன்.

"அந்தோனியாரே, துலைஞ்ச சாமானெல்லாம் எடுத்துத் தாற ஆள் நீர். இண்டைக்குத் துலைஞ்சது நாங்கள். ஏன் பாத்துக்கொண்டு நிக்கிறீர்?"

முழங்காலில் ஏதோ குத்தியது. இதுவும் வேண்டுமா என்று கையால் மணலைத் தள்ளினேன். முருகைக்கல். அதில் கீறிய கப்பல். புடைத்த பாய்.

கேட்டது வழி, தந்தது கல்லா என்று வாய் திறந்தவன், அந்தப் பாயைப் பார்த்தேன். காற்று! யூலையில் அடிப்பது சோளகம், தென்மேற்குக் காற்று. முதுகில் அதை வாங்கி நடந்தால் முன்னால் கடல். குழந்தைக்கும் தெரிந்த விஷயம், பயத்தில் எனக்கு மறந்துபோனது.

றெஜியைத் தோளில் போட்டுக் கால் மணித்தியாலம் நடந்தேன். கரையில் மீனவர் கொட்டில் ஒன்று, மீன்வாடி. அங்கிருந்த அக்கா சீனித் தண்ணீர் பருக்கினா. நான் யார் என்று அறிந்ததும், "கடல்காரனோ? தரையிலையோ துலைஞ்சனீர்?" என்றா. றெஜி கண்ணைத் திறந்து முதலில் கேட்டது, கல்லைப் படம் எடுத்தேனா என்று.

அடுத்த கிழமை அடையாளம் வைத்துப் போனோம். கல் இருந்தது. உழவு இயந்திரத் தடம் அதற்கு நாலு முழத்தில் வந்து நின்றது. எந்த மனுவிலும் கையெழுத்து வைக்காத நான், அந்த மணல் கள்ளருக்கு எதிரான மனுவில் முதல் கையெழுத்து வைத்தேன். இப்போது என் சட்டைப்பையில் எப்போதும் றெஜிக்கு இனிப்பு ரொபி இருக்கிறது. நான் தொடுவதில்லை.

அந்தோனியாருக்கு நன்றி. நீங்களும் கேளுங்கள். கோபம் என்றால் கோபத்தோடேயே கேளுங்கள், அவர் குறை நினைக்கமாட்டார். ஆனால் முழந்தாளில் நின்று கேளுங்கள். நான் நின்றபடி சண்டை பிடித்திருந்தால், அந்தக் கல் இன்னும் மணலுக்குள்தான். றெஜியும்.