தீர்த்தக் குடமும் திண்டுக்கல் ரிசல்ட்டும்

நெய்க்காரப்பட்டியில் இருந்து திண்டுக்கல்லுக்கு வருடத்தில் நாலு தடவையாவது போவேன். கோயில், கல்யாணம் என்று ஏதாவது இருக்கும். போன செவ்வாய்க்கிழமை போனது மட்டும் என் மகன் பிரபு மேல் விழுந்த பழிக்காக.

மூன்று மாதத்துக்கு முன்னால் பிரபு திருப்பூரில் இருந்து டெங்குக் காய்ச்சலோடு வந்து படுத்தான். அவன் எழுந்து நடமாடிய சில நாளில் என் தம்பி மகள் கவிதா அதே காய்ச்சலில் விழுந்தாள். பக்கத்துத் தெருதான். தினமும் சாயங்காலம் எங்கள் பூஜை அறையில் விளக்கேற்ற வருவாள். ஆஸ்பத்திரியில் ஆறு நாள் கிடந்தாள். பிழைத்தது முருகன் செயல். "உங்க மகன்தான் கொண்டாந்து குடுத்தான்" என்று தம்பி மனைவி சரசு நடுத்தெருவில் நின்று சொன்னாள். அதன் பிறகு அவள் என் வாசலை மிதிக்கவில்லை. பிரபுவும் ஊருக்கு வரவில்லை.

சுகாதாரத் துறையினர் அப்போதே இரண்டு பேர் ரத்தத்தையும், எங்கள் வீட்டில் பிடித்த கொசுக்களையும் வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தார்கள். ரிசல்ட் திண்டுக்கல் ஆபீசுக்கு வந்துவிட்டதாகப் போன் வந்ததும் சரசுவையும் கூப்பிட்டேன். வருவாள் என்று நினைக்கவே இல்லை. வந்தாள். பேசத்தான் இல்லை.

காலை 6.40 டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. பழனிக்கு அரை மணி நேரம். பஸ்ஸில் இருந்தே மலையைக் கும்பிட்டேன். 7.30க்குத் திண்டுக்கல் பஸ், கிட்டத்தட்ட அறுபது கிலோமீட்டர், ஆளுக்கு 55 ரூபாய். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி லாரிகள் மறித்துக்கொண்டன. இருபது நிமிடம் பஸ் நகரவில்லை. நான் எழுந்து எழுந்து எட்டிப் பார்த்தேன்.

"ஏனுங்கம்மா, நீங்க எந்திரிச்சு நின்னா லாரி நகந்துருமுங்களா?" என்றார் கண்டக்டர்.

"உக்கார முடியல அப்பு. பெத்த மகனுக்கு இன்னைக்குத் தீர்ப்பு."

ஜன்னல் பக்கம் திரும்பியிருந்த சரசு, "செத்த நேரம் உக்காருங்க மதினி, எனக்குத் தலை சுத்துது" என்றாள். மூன்று மாதத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

திண்டுக்கல்லில் இறங்கும்போது மணி 9.45. தெருவெல்லாம் பிரியாணி மணம். எனக்குச் செவ்வாய் விரதம் என்பதால் இட்லி. அதுவும் பாதிதான் இறங்கியது. ஆபீஸ் இரண்டு கிலோமீட்டர், ஷேர் ஆட்டோ 20 ரூபாய்.

டாக்டரம்மா சின்னப் பெண். கிருமிகளின் வம்சாவளி போல ஒரு படத்தை விரித்து வைத்துப் பொறுமையாகச் சொன்னார். கிருமி தன்னைப் போல இன்னொன்றை உண்டாக்கும்போது அங்கங்கே சின்னப் பிழை விடுமாம். அந்தப் பிழைகளை ஒப்பிட்டால் எது எதில் இருந்து வந்தது என்று தெரியுமாம். எங்கள் பஜனைக் குழுவில் ஒருத்தி நோட்டைப் பார்த்து இன்னொருத்தி பாட்டு எழுதுவோம். ஒருத்தி ஒரு வரியை விட்டால், அவளைப் பார்த்து எழுதிய எல்லார் நோட்டிலும் அந்த வரி இருக்காது. அதே கணக்குதான் என்று புரிந்துகொண்டேன்.

"உங்க மகனுக்கு வந்தது வேற வகை டெங்கும்மா. கவிதாவுக்கு வந்ததுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

நான் சரசுவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். ஆனால் டாக்டரம்மா முடிக்கவில்லை.

"கவிதாவோட கிருமியும், உங்க பூஜை ரூம் வாசல்ல பிடிச்ச கொசுவுல இருந்த கிருமியும் ஒண்ணா இருக்கு. எந்தக் கொசு கடிச்சதுன்னு சொல்ல முடியாது. ஆனா அந்த ரூமுக்குள்ள தண்ணி ஏதாச்சும் தேங்கி நிக்குதா?"

பங்குனியில் கொடுமுடியில் இருந்து கொண்டு வந்த காவேரித் தீர்த்தம், மண்குடத்தில், மூடியில்லாமல் பட்டுத்துணி மட்டும் போர்த்தி இருக்கிறது. குறையக் குறைய நல்ல தண்ணீர் ஊற்றி வருடம் முழுக்க வைத்திருப்பேன். கொசுப்புழு பார்க்க வந்த பெண்களை, "தீர்த்தத்தத் தொடாதீங்க, வாசலோட நில்லுங்க" என்று நிறுத்தியவள் நான்தான். தொட்டியைக் காட்டினேன், ஆட்டுக்கல்லைக் காட்டினேன். குடத்தைக் காட்டவில்லை.

திரும்பும்போது அபிராமி அம்மன் கோயிலுக்குப் போனோம். கும்பிட நின்றால் குடம்தான் கண்ணுக்குள் வந்தது. பஸ்ஸில் நானே சொன்னேன்: "பிள்ளையப் படுக்க வச்சது என் குடந்தான் சரசு."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாலை 4.30க்கு நெய்க்காரப்பட்டியில் இறங்கினோம். தன் தெருவுக்குத் திரும்புவாள் என்று நினைத்தேன். நேராக என் வீட்டுக்குள் போய், பட்டுத்துணியை விலக்கிக் குனிந்து பார்த்தாள். புழுக்கள் நெளிந்தன.

"ஒரு பக்கம் பிடிங்க மதினி. இம்புட்டுக் கனத்த நான் ஒருத்தியா தூக்குறது?"

வெயிலில் காய்ந்த மண்ணில் கொட்டினோம். பிரபுவுக்குப் போன் போட்டதும் என்னிடம் இருந்து அவளே பிடுங்கிக்கொண்டாள். "ஏலே மருமகனே, அத்தை பேசுறேன். நான் சொன்னது தப்பு. ஞாயித்துக்கிழமை வந்து சேரு. கவிதா கேக்குறா."

இதே வேலையாகப் போகிறவர்கள் முதல் பஸ்ஸைப் பிடியுங்கள், ஒட்டன்சத்திரத்துக்கு அரை மணி சேர்த்து வையுங்கள். புரியாததை இரண்டு தடவை கேளுங்கள், திட்ட மாட்டார்கள். வீட்டில் தீர்த்தம் வைத்திருந்தால் சின்னப் பாட்டிலில் இறுக மூடி வையுங்கள். கொசுப்புழு பார்க்க வருகிறவர்களைப் பூஜை அறைக்குள்ளும் விடுங்கள். குடத்தைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். முருகன் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சோற்றுக்கு என்ன வெஞ்சனம் வைப்பது என்றுதான் இப்போது எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.