முள் இறங்கிடுச்சு

மீட்டர்காரி என்றால் அந்த வட்டாரத்து கராஜ்களில் தெரியாதவர்கள் இல்லை. கார் டாஷ்போர்டில் இருக்கும் மீட்டர்களைப் பிரித்து, முள்ளைச் சரிசெய்து, திரும்ப மாட்டிக் கொடுப்பவள். வயது நாற்பத்தாறு. வாய் நீளம், கை சுத்தம். "மீட்டர்ல கோளாறு இல்ல, உங்க இன்ஜின்லதான் கோளாறு" என்று முகத்துக்கு நேராகச் சொல்லி, வந்த வேலையைத் திருப்பி அனுப்பிவிடுவாள். பிழைக்கத் தெரியாதவள் என்று சிலர் சொன்னார்கள். பொய் சொல்லத் தெரியாதவள் என்று எல்லோரும் சொன்னார்கள்.

கராஜ் அவள் புருஷன் ஆரம்பித்தது. அவனுக்கு இன்ஜின் வேலை, அவன் தம்பிக்குத் தகரம் தட்டிப் பெயிண்ட் அடிக்கிற வேலை. ஆறு வருஷத்துக்கு முன்னால் புருஷன் போய்ச் சேர்ந்தான், சாவி கொழுந்தன் இடுப்புக்குப் போனது. அவளுக்கு மிஞ்சியது ஜன்னலோரத்தில் ஒரு மேசை, ஒரு ஸ்டூல், ஒரு விளக்கு. அந்த மேசைதான் அவளுக்குச் சோறு. அதன் மேலும் விழுந்தது கொழுந்தன் கண். வண்டி கழுவ அந்த மூலைதான் தோது என்று அவன் சொல்ல ஆரம்பித்து எட்டு மாதமாகிறது.

இருவருக்கும் முகம் பார்த்துப் பேச்சு கிடையாது. "விளக்கை அணைக்காம போறவங்க கொஞ்சம் யோசிச்சா நல்லது" என்று அவன் கம்ப்ரஸரைப் பார்த்துச் சொல்வான். "பெயிண்ட் புகையிலயே வளர்ந்தவங்களுக்கு மூளை எங்க வேலை செய்யும்" என்று அவள் ஸ்க்ரூ டிரைவரிடம் சொல்வாள். கேள்வி மட்டும் அறவே கிடையாது. கேள்வி கேட்டால் பதில் வரும், பதில் வந்தால் அது பேச்சாகிவிடும், முதலில் கேட்டவர் தோற்றவராகிவிடுவார். இரண்டு பேருக்கும் கழுதை வயதாகிறது, ஆடுகிற ஆட்டத்தைப் பாருங்கள்.

அன்று காலையில் பல் டாக்டர் தன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். இரண்டே சீட். ஏறுவதற்கு உட்கார வேண்டியதில்லை, படுக்க வேண்டும். டாக்டர் நேராக மேசைக்கு வந்தார்.

"வளைவுல திரும்பினா பெட்ரோல் கால் டாங்க் குறையுது, நேரா வந்தா கூடுது. என்னம்மா மாயம் இது?"

"மாயம் இல்ல சார். உங்க டாங்க் தட்டையா அகலமா இருக்கு. வேகமா திரும்பினா பெட்ரோல் ஒரு பக்கமா ஓடும், உள்ள இருக்கிற மிதவையும் கூடவே போகும். சமதரையில நிறுத்தி ஒரு நிமிஷம் விட்டுப் பாருங்க, அப்ப காட்டுறதுதான் நிஜம்."

"சரி, அந்த டெம்பரேச்சர் முள்ளு? ரெண்டு நாளா மேலயே போகுது."

"நடுவுல நின்னா நிம்மதியா ஓட்டுங்க. சிவப்பைத் தொட்டா ஓரங்கட்டுங்க. ஏறின முள்ளு சட்டுனு அடியில விழுந்தா, அந்த இடத்துலயே இன்ஜினை நிறுத்திடுங்க. அப்பாடா, குளிர்ந்துடுச்சுன்னு ஓட்டிடாதீங்க. தண்ணி மொத்தமும் போயிருக்கும். சென்சார் தண்ணியைத் தொட்டாத்தான் சூடு தெரியும், வெறும் காத்துல நின்னா அதுக்கு ஒண்ணும் தெரியாது."

டாக்டர் தலையாட்டிவிட்டு, நாலு மணிக்கு வருவதாகச் சொல்லிப் போனார். கொழுந்தன் அந்தப் பக்கம் ஒரு கதவுக்கு உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தான். கம்ப்ரஸர் சத்தத்தில் அவன் காதில் எதுவும் விழவில்லை.

அவள் மீட்டரைக் கழற்றிச் சோதித்தாள். இரண்டு முள்ளும் சுத்தம். திரும்ப மாட்டி, பெட்ரோல் முள்ளைச் சரிபார்க்கத் தானே கேனைத் தூக்கி டாங்க் நிறைய ஊற்றினாள். முள் கடைசிக் கோட்டில் போய் நின்றது. அப்புறம் சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "முள்ளு ஒழுங்கா இருக்கு. தண்ணிதான் எங்கயோ ஒழுகுது."

இன்ஜின் மெக்கானிக் அன்றைக்கு லீவு. நாலு மணிக்கு டாக்டர் வந்து நிற்பார். கொழுந்தனுக்கு அந்தக் கவலை.

"முள்ளை நடுவுலயே நிக்கற மாதிரி வெச்சுக் குடுத்தா இன்னைக்குப் பொழுது ஓடும்" என்றான் கம்ப்ரஸரிடம்.

"அந்தத் திருட்டு வேலைக்கு வேற கையைப் பாக்கச் சொல்லுங்க."

அவன் திரும்பினான். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்துப் பேசினான். "அடுத்த வாரம் இந்த மேசை இங்க இருக்காது."

சொல்லிவிட்டு ஒரு வாளித் தண்ணீரை எடுத்து ரேடியேட்டரில் ஊற்றி மூடியைத் திருகினான். தானே ஓட்டிப் பார்க்கிறேன் என்று காரை எடுத்துக்கொண்டு போனான். தகரம் தட்டத் தெரிந்தவனுக்கு எல்லாம் தெரியும் என்கிற நினைப்பு.

இந்த மேசையும் போனால் அவள் எங்கே போய் உட்காருவாள், எந்த கராஜ் இந்த வயதில் இடம் கொடுக்கும். நாசமாய்ப் போக என்று வாய்விட்டே சொன்னாள்.

முக்கால் மணி கழித்து அவள் போன் அடித்தது. கொழுந்தன்.

"முள்ளு இறங்கிடுச்சு" என்றான். குரலில் அப்படி ஒரு கெத்து. "வந்துட்டிருக்கேன்."

அந்த கராஜில் இரண்டுக்கும் முள் என்றுதான் பெயர். பெட்ரோல் முள் இறங்கினால் வருத்தம், டெம்பரேச்சர் முள் இறங்கினால் சந்தோஷம். வேறு நாளாக இருந்தால் எந்த முள் என்ற சந்தேகம் வரலாம். இன்றைக்கு டாங்க் நிறைய ஊற்றியவளே அவள். எந்த முள் என்று அவளுக்குத் தெரியும். ஏன் இறங்கியது என்றும் தெரியும். "நிறுத்துங்க" என்று ஒரே ஒரு வார்த்தை, நாக்கு நுனியில் வந்து நின்றது.

"சரி" என்றாள்.

போனைக் கவிழ்த்து வைத்தாள். திரும்பக் கூப்பிட்டிருக்கலாம், பத்து நிமிஷம் இருந்தது. ஒரு மீட்டர் கண்ணாடியை எடுத்து, துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

கார் பாலத்தின் நடுவில் இன்ஜின் இறுகி நின்றது. இழுவை வண்டியில் அதைக் கட்டிக்கொண்டு கொழுந்தன் வந்தபோது டாக்டர் வாசலில் காத்திருந்தார். இன்ஜின் போச்சு என்று தெரிந்ததும் அவர் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"தண்ணி இல்லாம ஓட்டச் சொன்னது யாரு?"

"முள்ளு இறங்கிடுச்சுன்னு இவங்களுக்கு போன் பண்ணினேன் சார். சரின்னாங்க."

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். அவளுக்கு வார்த்தை தானாக வந்தது.

"நான் பெட்ரோல் முள்ளுன்னு நினைச்சேன் சார்."

"பாத்தீங்களா" என்றார் டாக்டர் கொழுந்தனிடம். "காலையிலதான் எனக்கு அவ்வளவு விளக்கமா சொன்னாங்க, முள்ளு விழுந்தா உடனே நிறுத்துன்னு. தெரிஞ்சிருந்தா சரின்னு சொல்வாங்களா? எந்த முள்ளுன்னு ஒழுங்கா சொல்றதுக்கு உங்களுக்கு என்ன கேடு?" இழுவை வண்டிக்காரனும் ஆமாம் போட்டான். வேறு இன்ஜின் மாட்டித் தருகிறேன் என்று கொழுந்தன் தலைகுனிந்து ஒப்புக்கொண்டான். தன் மூக்கு அறுபட்டாலும் எதிரிக்குச் சகுனத்தடை ஆக வேண்டும் என்பார்கள். அவளுக்கு மூக்குகூட அறுபடவில்லை.

டாக்டர் போனதும் கொழுந்தன் காரில் ஏறிச் சாவியைத் திருப்பினான். இன்ஜின் செத்திருந்தாலும் பெட்ரோல் முள் எழுந்து, முக்காலுக்கு மேலே போய் நின்றது. காலையில் அவள் கேனைத் தூக்கி டாங்க் நிறைய ஊற்றியதை அவன் பார்த்திருந்தான். பிறகு இறங்கி மேசைக்கு முன்னால் வந்து நின்றான். சத்தம் போடுவான், மேசையைக் கவிழ்ப்பான் என்று அவள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி" என்றான். "பாலத்துல எனக்குப் பின்னாடி ஒரு லாரி வந்துச்சு. ஒரு சாண் தூரத்துல பிரேக் போட்டான்."

அவள் ஸ்டூலிலிருந்து கையை எடுத்தாள்.

மேசையை அவன் எடுக்கவில்லை. வண்டி கழுவ வேறு மூலையை ஒதுக்கினான். ஆனால் ஒரு நோட்டு வாங்கி அவள் முன்னால் வைத்தான். இப்போதெல்லாம் அவனே வந்து கேள்வி கேட்கிறான், வாய் நிறைய: டெம்பரேச்சர் முள்ளு எங்க நிக்குது, பெட்ரோல் முள்ளு எங்க நிக்குது. அவள் சொல்வதை எழுதுகிறான், கீழே கையெழுத்து வாங்குகிறான். அப்புறம் அவள் கண்ணெதிரிலேயே வண்டியில் ஏறி உட்கார்ந்து, அவள் சொன்னது நிஜமா என்று தானே ஒரு தடவை பார்த்துக்கொள்கிறான். அவள் அடுத்த மீட்டரை எடுக்கிறாள்.